மரவை கடைதல்

தயிரைக் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். இரண்டு தொழிலுக்கும் தமிழில் ஒரே வினைச்சொல் அமைந்திருப்பது தற்செயல் அன்று என்றே நான் எண்ணுகிறேன். மத்தின் தண்டிலே கயிற்றைச் சுற்றி, அதன் இரு முனைகளையும் மாறி மாறி இழுக்கும்போது தண்டு முன்னும் பின்னுமாகச் சுழல்கிறது. நம் நாட்டுப் பழைய கடைசல் பட்டறையும் இவ்வாறே இயங்கிற்று. இரு முளைகளுக்கு இடையே மரத்துண்டைப் பொருத்தி, ஒரு வில்லின் நாணை அதன்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, வில்லை ஒரு கையால் இழுத்துத் தள்ளுவார்கள். மற்றக் கையும் காலின் விரல்களும் சேர்ந்து உளியைப் பிடித்திருக்கும். மரம் தம்மை நோக்கிச் சுழலும் பாதி நேரத்தில் மட்டுமே உளி வெட்டும். எதிர்ச்சுழற்சியின்போது அதனை மயிரிழையளவு பின்வாங்கிக்கொள்ள வேண்டும். அழகிய உருவத்தைக் "கடைந்தெடுத்தாற்போல" என்று புகழ்கிறோம். கெட்டவனைக் "கடைந்தெடுத்த அயோக்கியன்" என்று வைகிறோம். அங்கே கடையப்பட்டது தயிரா, மரமா என்பதைப் புலவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

கடைசல் வேலையைப் பிழைப்பாக அன்றி ஓய்வுநேர இன்பமாகக் கொள்வது மேலை நாடுகளில் பழைய வழக்கம். பிரான்சு தேசத்துத் துறவியாகிய பிளூமியே என்பவர் கடைசற்கலையைப் பற்றிய பெரும் நூலொன்றை 1701-ஆம் ஆண்டில் லியோன் நகரில் வெளியிட்டார். ரஷ்யச் சக்கரவர்த்தி மகா பீட்டர், அரசாங்க அலுவல்களுக்கு நடுவே கடைசல் பட்டறையின் முன் நின்று பொழுதைக் கழிப்பாராம். அவருடைய பட்டறையைக் கவனிக்க நார்த்தோவ் என்னும் தேர்ந்த வினைஞர் இருந்தார். நமக்கு அத்தகைய வசதி ஒன்றும் வேண்டுவதில்லை. ஒரு குதிரைத்திறன் மோட்டாருடன் கூடிய சிறு லேத், மூன்று நான்கு உளிகள், உளியைத் தீட்ட ஒரு சாணைக்கல், வீட்டுக்குப் பின்னால் மழை படாத ஒரு தாழ்வாரம் — இவை இருந்தாற் போதும். மரம் எங்கே கிடைக்கும் என்று நீங்கள் கேட்கலாம். கழக்கூட்டத்தில் வாழ்கின்ற எவரும் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்.

திருவனந்தபுரத்துக்கு வடக்கே, கடினங்குளம் காயலுக்கு அருகே இருக்கும் கழக்கூட்டம், ஒரு காலத்தில் தென்னந்தோப்புகளும் வீட்டுத் தோட்டங்களும் நிறைந்த ஊர். 1962-இல் அங்கே சைனிக் பள்ளி தோன்றியது. 1990-இல் டெக்னோபார்க் எழுந்தது. 2022-இல் ஊரின் நடுவே உயர்மட்டச் சாலை திறக்கப்பட்டது. ஊர் வளர்கிறது, அதனைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வீட்டுமனை இரண்டாகவும் நான்காகவும் பிரியும்போது முதலில் விழுவது பின்புறத்துப் பலாமரம். அதையடுத்து மாமரம், பிறகு மலையாளத்தார் ஆஞ்ஞிலி என்றும் நாம் அயினி என்றும் சொல்லும் மரம். நீண்டு நேராக உள்ள அடிமரத்தை வியாபாரி விலை பேசி அறுப்பு மில்லுக்குக் கொண்டுபோகிறார். முழங்கை நீளத் துண்டுகளையும், கிளை பிரியும் கவைகளையும், வளைந்த அடிக்கட்டைகளையும் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. அவை விறகாகின்றன, இக்காலத்தில் விறகடுப்பும் அருகிவிட்டபடியால் வேலியோரத்தில் கிடந்து கறையானுக்கு இரையாகின்றன. மரவை கடைவதற்கு வேண்டியது அந்தத் துண்டுதான். மேலும், கிளை பிரியும் கவையிலேதான் மரத்தின் இழைகள் இறகு விரித்தாற்போலப் பின்னி, வேறெங்கும் காணாத கோலத்தைக் காட்டுகின்றன. மில்காரர் எறிந்துவிடும் துண்டிலேயே மரத்தின் அழகெல்லாம் அடங்கியிருக்கிறது.

மரவை என்னும் சொல் இளைய தலைமுறையினருக்குப் புதிதாக இருக்கலாம். மரத்தாற் குடைந்த பாத்திரத்துக்கு அது பெயர். மலையாளத்தில் மரவி என்பர். உப்பும் புளியும் பித்தளையையும் செம்பையும் அரித்துவிடும் என்பதை நன்கறிந்த நம் பாட்டிமார், அவற்றை மரவையிலோ கற்சட்டியிலோதான் வைத்திருந்தார்கள். எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்தபின் மரவை பரணுக்கு ஏறிற்று. பிறகு பழைய சாமான் கடைக்குச் சென்றது. ஆகவே, கிண்ணம் கடைவது மேனாட்டாரிடம் கடன் வாங்கிய பொழுதுபோக்கு என்று எவரும் கருத வேண்டா.

எந்த மரத்தைக் கடைவது? பலாவே முதலிடம் பெறும். புதிதாக வெட்டியபோது எலுமிச்சை மஞ்சளாக இருக்கும் அதன் வயிரம், வெளிச்சம் படப்பட இரண்டொரு ஆண்டில் பழுப்பேறித் தேன் நிறமாகும். பலாமரச் சிராய்களைக் கொதிக்கவைத்து எடுத்த சாயத்தைக்கொண்டுதான் பௌத்த பிக்குகள் தங்கள் ஆடைக்கு நிறமேற்றினார்கள். படகு கட்டப் பயன்படும் அயினி, ஈரத்துக்கு அஞ்சாதது. மா எளிதிற் கிடைக்கும், எளிதில் வெட்டுப்படும். ஆனால் வண்டு விரும்பித் தின்னும் மரம் அது. தென்னையைக் கடைவது வேறொரு கலை. அதற்கு வளையங்களும் இல்லை, வயிரமும் இல்லை. வெளிப்புறம் இரும்பு, உட்புறம் பஞ்சு. உளியின் வாயை ஐந்து நிமிஷத்தில் மழுக்கிவிடும்.

காயற்கரையில் நிற்கும் இரண்டு மரங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஒன்று பூவரசு, மற்றொன்று புன்னை. நாம் இவ்விரண்டையும் வேலிக்கும் நிழலுக்குமே உரியன என்று விட்டுவிட்டோம். ஆனால் பசிபிக் மாகடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளின் பழங்குடி மக்கள், தங்கள் உணவுக்கலங்களைச் செய்யத் தேர்ந்தெடுத்த மரங்களுள் இவ்விரண்டும் உண்டு. பூவரசை அவர்கள் மிலோ என்பர். புன்னையைக் கமானி என்பர். உணவின் சுவையைக் கெடுக்காத மரம் என்று மிலோவுக்கு அங்கே நற்பெயர். அவர்கள் லேத்தைக் கொண்டு கடையவில்லை, கையாலேயே குடைந்தார்கள். பூவரசின் வயிரம் ஊதா கலந்த காப்பி நிறத்தில் இருக்கும். உளிக்கு மிகவும் இணங்கும். எங்கள் பக்கத்தில் பூவரசங்கட்டை கேட்பாரின்றிக் கிடப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தத் தீவு மக்களின் நினைவு வரும்.

விலக்க வேண்டிய மரங்களும் உண்டு. எட்டியும் அரளியும் நஞ்சு. உணவுப் பாத்திரத்துக்கு உதவா. சேரு என்று மலையாளத்தார் அஞ்சி விலகும் மரத்தின் பால் பட்டால் உடம்பு கொப்புளிக்கும். சந்தனம், ஈட்டி ஆகியவற்றுக்குச் சட்டக் கட்டுப்பாடு இருப்பதால் அவற்றைத் தேடிப் போவது வீண் தொல்லை.

இனி, இத்தொழிலின் உயிர்நிலைக்கு வருவோம். மரவையைக் கடைபவர் பலரும் உளியைப் பற்றியே பேசுகிறார்கள். நான் நீரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பச்சை மரத்துக்குள் இருக்கும் நீரின் எடை, சில வேளைகளில் உலர்ந்த மரத்தின் எடையையே எட்டிவிடும். அந்த நீர் வெளியேறும்போது மரம் சுருங்குகிறது. எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்கினால் துன்பமே இல்லை. நீளவாட்டில் அது ஏறக்குறையச் சுருங்குவதே கிடையாது. மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஒரு பங்கு சுருங்கினால், ஆண்டு வளையத்தைத் தழுவிய திசையில் ஏறத்தாழ இரு பங்கு சுருங்குகிறது. எனவே பச்சை மரத்தில் வட்டமாகக் கடைந்த கிண்ணம் உலர்ந்தபின் நீள்வட்டமாகிவிடும். பத்து அங்குல வாயுடைய கிண்ணத்தில் இந்த வேறுபாடு கால் அங்குலமோ அதற்கு மேலோ இருக்கும். மரத்தின் நடுத்தண்டு துண்டுக்குள் அகப்பட்டுவிட்டாலோ, கிண்ணம் வெடித்தே தீரும். ஆகவே கட்டையை நடுத்தண்டின் வழியே இரண்டாகப் பிளந்து, அந்தத் தண்டை முழுதும் நீக்கிய பின்பே பாதிக் கட்டையைப் பட்டறையில் ஏற்ற வேண்டும்.

அப்படியானால் மரத்தை முதலில் உலர்த்திவிட்டுப் பிறகு கடைந்தால் என்ன? நான்கு அங்குலக் கனமுள்ள பலாத்துண்டு உள்ளே உலர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் வெளிப்புறம் உலர்ந்து, உட்புறம் ஈரமாக இருந்து, இரண்டும் ஒன்றையொன்று இழுத்து, கட்டை வெடித்துவிடும். இதற்கு அறிந்தோர் கண்ட வழி ஒன்றே: கிண்ணத்தை இருமுறை கடைவது. பச்சையாக இருக்கும்போதே ஒருமுறை தடித்த சுவருடன் கடைந்து வைத்துவிட வேண்டும். சுவரின் கனம் வாயகலத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்கலாம். பத்து அங்குலக் கிண்ணமானால் ஓர் அங்குலம். அது உலர்ந்து, தன் விருப்பம்போல் வளைந்து நெளிந்து ஓய்ந்த பிறகு, மீண்டும் ஏற்றி வட்டமாக்கி, சுவரைக் கால் அங்குலத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

இடையிலே எத்தனை நாள்? அதனைத் தராசு சொல்லும். முதல் நாள் கிண்ணத்தை நிறுத்து, அதன் அடியிலே பென்சிலால் தேதியையும் எடையையும் எழுதிவிடுங்கள். எடுத்துக்காட்டாக, அன்று 1,600 கிராம் இருந்தது, வாரந்தோறும் குறைந்துகொண்டே வந்து, ஒரு நிலையில் தொடர்ந்து மூன்று வாரம் மாறாமல் நின்றதென்றால், மரம் தன்னைச் சூழ்ந்த காற்றோடு உடன்பாட்டுக்கு வந்துவிட்டது என்று பொருள். கழக்கூட்டம் போன்ற கடலோர ஊர்களில் காற்றே ஈரமானது. இடவப்பாதி மழை தொடங்கிய பின் பச்சைக் கிண்ணத்தை மூடி வைத்தீர்களானால், உலர்வதற்கு முன் பூஞ்சணம் பிடித்து நீலம் பாய்ந்துவிடும். ஆகையால் துலாவர்ஷ மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் முதற்கடைசலை முடித்து, மாசி, பங்குனி வெயிலில் அது வெடிக்காதபடி அதன் சொந்தச் சீவலோடு காகிதப் பையிலே கட்டி, உள்ளறையில் வைத்து, வைகாசியில் மழைக்கு முன்பாக இரண்டாங்கடைசலுக்கு எடுப்பது நலம். வெயிலில் மட்டும் ஒருபோதும் காயவைக்கக் கூடாது. மற்றொன்று: கழக்கூட்டத்துக் காற்றில் உலர்ந்த கிண்ணம் டில்லியின் வறண்ட கோடையில் மேலும் உலரும். வடக்கே இருக்கும் மகளுக்கு அனுப்புவதானால் அதன் சுவரை ஒரே சீரான கனத்தில் மெல்லிதாக்கி அனுப்புங்கள். கனம் மாறி மாறி இருந்தால் அங்கே வெடிக்கும்.

இந்த ஐந்து மாதக் காத்திருப்பைத் தொழிலாளி தாங்கமாட்டார். மரத்தில் போட்ட பணம் அடுத்த சந்தைக்குள் திரும்பி வர வேண்டியது அவர் நிலைமை. அதனாலேயே எளிதில் உலரும், சுருக்கம் குறைந்த மரங்களை அவர்கள் நாடுகிறார்கள். சிறு பொருள்களாகவே கடைகிறார்கள். கன்னட நாட்டுச் சன்னபட்டணத்தில் பொம்மை கடைவோர் வெண்மையும் மென்மையும் உள்ள வெட்பாலையைக் கொண்டார்கள். நம் திருநெல்வேலிச் சீமையில், தாமிரபரணிக் கரையிலுள்ள அம்பாசமுத்திரத்துக் கடைசற்காரர்கள் சொப்புச் சாமான்களைச் செய்கிறார்கள். குழந்தைகள் சமைத்து விளையாடும் அடுப்பும் பானையும் அம்மியும் உரலும் அங்கே அரக்கு நிறம் பூசிக்கொண்டு உருண்டு வருகின்றன. அவர்களுடைய கைவேகத்தை நாம் எட்ட முடியாது. எட்ட முயல்வதும் வேண்டா. ஆனால் வளைந்த பலாக்கட்டையை ஐந்து மாதம் பையிலே கட்டி வைத்துக் காத்திருக்கும் சுதந்தரம், பிழைப்புக்காக அல்லாமல் ஆசைக்காகக் கடைபவருக்கே உண்டு. கழக்கூட்டத்துத் தோட்டங்களிலே விழும் மரங்களுக்கு வேண்டிய கைகள் அத்தகைய கைகள்தாம்.

கடையும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதனை வானொலியிற் கேட்டுக் கற்க இயலாது, ஒருவர் அருகே நின்றுதான் கற்க வேண்டும். கிண்ணத்தின் வாயாகப் போகும் பக்கத்தை இரும்புத் தட்டிலே திருகாணிகளால் இறுக்கி, முதலில் வெளிப்புறத்தையும் அடிப்பாதத்தையும் கடைய வேண்டும். பிறகு திருப்பி, அந்தப் பாதத்தைச் "சக்" எனப்படும் இரும்புத் தாடைகளில் கவ்வவைத்து, உட்புறத்தைக் குடைய வேண்டும். கிண்ணத்துக்கு உரிய உளி, வாய் பிறைபோல் வளைந்தது. கடைகளிற் "கவுஜ்" என்று கேட்டால் தருவார்கள். உளியின் சாய்முகம் மரத்தைத் தொட்ட பின்பே அதன் கூர்வாய் தொட வேண்டும். இந்த ஒரு விதியை மறந்தால் மரம் உளியைப் பறித்துக்கொள்ளும். வெளிப்புறத்தை அடியிலிருந்து வாயை நோக்கியும், உட்புறத்தை வாயிலிருந்து அடியை நோக்கியும் வெட்டிச் செல்லுங்கள். அப்போது ஒவ்வோர் இழைக்கும் பின்னால் மற்றோர் இழை தாங்கலாக நிற்கும்; மரம் பிசிறாமல் வெட்டுப்படும். அப்படியும், ஒரு சுற்றில் இரண்டு இடங்களில் இழையின் குறுக்குமுனை உளிக்கு எதிரே வரும். அங்கேதான் கைத்திறன் வெளிப்படும். பிசிறு தோன்றினால் உளியை உடனே தீட்டிக்கொள்ளுங்கள். உப்புத்தாளால் அதனை மறைத்துவிடலாம் என்று நினைப்பவர் இரண்டு மணி நேரம் தேய்ப்பார்.

வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. கிண்ணத்தின் அகலத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்பதால் பெருக்கினால், விடை ஆறாயிரத்துக்கும் ஒன்பதாயிரத்துக்கும் இடையே நிற்க வேண்டும். பத்து அங்குலமானால் 600 முதல் 900 சுற்று. கரடுமுரடான கட்டையை ஏற்றிய முதல் வேளையில் அதற்கும் கீழே தொடங்குங்கள். 900 சுற்றிலே அந்தக் கிண்ணத்தின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 43 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வெடிப்புள்ள துண்டு அந்த வேகத்தில் முகத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் இன்றிப் பட்டறையை ஓடவிடாதீர்கள். தோளில் துண்டு, தொங்கும் வேட்டி முனை, கழுத்துச் சங்கிலி, கைவளை — இவற்றோடு அருகே செல்வது உயிருக்கு ஆபத்து. மரத்தூளும் சாதுவானதன்று. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1995-இல் வகைப்படுத்தியது. மூக்கையும் வாயையும் மூடும் நல்ல முகமூடி இல்லாமல் உப்புத்தாளைக் கையில் எடுக்க வேண்டா.

உப்புத்தாளை 120-ஆம் எண்ணில் தொடங்கி, 180, 240, 320 என்று படிப்படியாகச் செல்லுங்கள். ஒரு படியைத் தாண்டினால் அதன் கோடுகள் எண்ணெய் பட்டவுடன் காட்டிக்கொடுத்துவிடும். அழுத்தித் தேய்த்தால் மரம் சூடேறி மெல்லிய வெடிப்புகள் காணும். விரலுக்குச் சூடு உறைக்கும்போது மரத்துக்கும் உறைக்கிறது.

மெருகுக்கு வருவோம். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் தேங்காயெண்ணெயைத்தான் சொல்லுவார். அது தோசைக்கல்லுக்கும் தலைமயிருக்கும் நல்லது. மரவைக்கு அவ்வளவு பொருந்தாது. அது காற்றிலே இறுகாத எண்ணெய். தடவிய பின் என்றும் எண்ணெயாகவே இருந்து, தூசியை வாங்கிப் பிசுக்கேறும். ஆளிவிதை எண்ணெய் அவ்வாறன்று. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று நாளடைவில் இறுகி, இழைக்குள்ளே மெல்லிய படலமாகிவிடும். உணவுக்கென விற்கும் கலப்பற்ற எண்ணெயை வாங்குங்கள். வர்ணக்கடையில் விற்கும் காய்ச்சிய எண்ணெயில் உலோக உப்புகள் கலந்திருக்கும். மெல்லிதாகத் தடவி, அரைமணி கழித்து மிகுதியைத் துடைத்துவிட்டு, ஒரு வாரம் பொறுத்து மறுபடி தடவுங்கள். நான்கு தடவை போதும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். இறுகும்போது அந்த எண்ணெய் சூட்டை வெளியிடும். சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றக்கூடும். அதனை விரித்துக் கொடியிலே காயவிடுங்கள், அல்லது நீரில் நனைத்துப் போடுங்கள்.

பழமும் பூவும் வைக்கும் கிண்ணத்துக்கு அரக்கு மெருகு மிக அழகு. அதிலும் நம் நாட்டு முறை உலகில் எதற்கும் தாழ்ந்ததன்று. அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்தினால், உராய்வின் சூட்டிலேயே அது உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு மடித்த தாழை மடலை அழுத்தி ஓட்டினால் கண்ணாடிபோல் பரவிப் பளபளக்கும். ஆந்திரத்தில் வராக நதிக்கரையிலுள்ள ஏடிகொப்பாக்காவில் இந்த அரக்கோடு தாவரச் சாயங்களைக் கலந்து நிறமேற்றுகிறார்கள். குழந்தை வாயில் வைத்தாலும் அஞ்ச வேண்டாத நிறங்கள். அந்தப் பணிக்காக அவ்வூரைச் சேர்ந்த சி. வி. ராஜுவுக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தாழை மடலுக்கு நாம் எங்கும் போக வேண்டா. கடினங்குளம் கரையிலே கைதை என்ற பெயரில் புதர்புதராக நிற்கிறது. ஆனால் அரக்கு சூட்டுக்கு இளகும், ஸ்பிரிட்டில் கரையும். சூடான சோற்றை அதில் இட வேண்டா. கொல்லத்துப் பக்கத்திலே படகுக்குப் பூசும் முந்திரிக்கொட்டை எண்ணெயைச் சிலர் சிபாரிசு செய்வதுண்டு. அது படகுக்கு உரியது. தோலைப் புண்ணாக்கும் பொருளை உண்கலத்தில் பூசுதல் தகாது.

இரண்டாங்கடைசல் முடிந்து, மெருகும் இறுகிய பின், பாதத்தின் அடியிலே மரத்தின் பெயரையும், அது நின்ற தோட்டத்தையும், விழுந்த ஆண்டையும் எழுதி வையுங்கள். மரத்துக்கு உரியவர் வீட்டுக்கு முதற்கிண்ணத்தைக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் கடைவோரிடையே நல்ல வழக்கமாகி வருகிறது. பயன்படுத்திய பின் கிண்ணத்தை நீரில் ஊறவிடாமல் உடனே கழுவி, துணியால் துடைத்து, இருபுறமும் காற்றுப் படும்படி சாய்த்து வையுங்கள். ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்பு ஒன்றும் மழைக்குப் பின்பு ஒன்றுமாக, ஆளிவிதை எண்ணெயை ஒருகை தடவினால் போதுமானது.